பிரஜாவுரிமையும் தரவுச் சொற்களும்: இலங்கை அனுபவம் பற்றிய ஒரு நோக்கு

ஆளும் வர்க்கம் மக்களை எவ்வாறு வகைப்படுத்துகின்றது என்பதை அறிய விரும்புவோர், ஒரு சமுதாயத்தின் இலக்கியங்களோடு அதன் அரசாங்கப் படிவங்களையும் வாசித்தல் வேண்டும். பிறப்புப் பதிவு, வாக்காளர் இடாப்பு, அடையாள அட்டை ஆகியவற்றில் இடம்பெறும் ஒவ்வொரு சொல்லும் யாரோ ஒருவராற் குறித்த நோக்கத்தோடு தெரிந்தெடுக்கப்பட்டதாகும். இவ்வாவணங்கள் கணினிக்குரிய எண்முறைச் சான்றுகளாக மாறிவரும் இன்றைய நிலையில், அச்சொற்றெரிவு தரவுச் சொற்றொகுதி என்னும் புதிய பெயரைப் பெறுகின்றது. ஒரு சான்றில் எந்தெந்தக் களங்கள் அமையும், அவற்றின் பொருள் யாது, அவை ஏற்கும் பெறுமதிகள் எவை என்பவற்றை முற்கூட்டி வரையறுக்கும் பட்டியலே அது.

உலகளாவிய வலைக் கூட்டமைப்பு, சரிபார்க்கத்தக்க சான்றுகளுக்கான நியமத்தை 2019இல் வெளியிட்டது. சான்றை வழங்குபவர், வைத்திருப்பவர், சரிபார்ப்பவர் என மூவரை அது இனங்காண்கிறது. வழங்குபவரின் எண்முறைக் கையொப்பத்தைக் கொண்டு சரிபார்ப்பவர் சான்றின் மெய்ம்மையை அறிகின்றார். இந்நியமத்தையொட்டிப் பிரஜாவுரிமைக்கும் வதிவிடத்துக்குமென ஆக்கப்பட்ட வரைவுச் சொற்றொகுதியொன்று, ஐக்கிய அமெரிக்காவின் நிரந்தர வதிவிட அட்டையை முன்மாதிரியாகக் கொண்டது. இயற்பெயர், குடும்பப்பெயர், பிறந்த நாடு, எத்தினம் முதல் வதிபவர் என்பன அதன் களங்களுட் சில. மேலோட்டமாக நோக்குவோருக்கு இவை நடுநிலையான சொற்களாகவே தோன்றும். இலங்கையின் வரலாறு வேறு விதமாகக் கற்பிக்கின்றது.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் எந்த இனத்தையும் பெயர் சுட்டிக் கூறவில்லை. அவ்வாண்டு நவம்பர் 15க்கு முன் இலங்கையிற் பிறந்த ஒருவர் வம்சாவழிப் பிரஜையாவதற்கு, அவருடைய தந்தையோ, அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ இலங்கையிற் பிறந்திருத்தல் வேண்டும் என்பதே விதி. காணியும் கல்வியும் உடைய குடும்பங்களுக்கு இவ்விதி சுமையாக அமையவில்லை. தோட்டத்து லயன் அறைகளில் வாழ்ந்து, பெயர்ப்பதிவேட்டில் உழைப்புக்குரிய எண்ணாக மாத்திரமே இடம்பெற்ற மலையகத் தொழிலாளிக்கோ, பாட்டனின் பிறப்பை நிறுவும் பத்திரம் எட்டாப் பொருளாயிருந்தது. தாயின் பிறப்பிடத்துக்கு அச்சட்டத்தில் இடமே இருக்கவில்லை. தாய்வழியாகவும் வம்சாவழிப் பிரஜாவுரிமை பெறலாமென்ற திருத்தம் 2003இலேயே வந்தது.

1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டம் பதிவு மூலம் பிரஜையாகும் வழியைத் திறந்தது. ஆனால், 1946 ஜனவரி முதலாந் திகதிக்கு முந்திய தொடர்ச்சியான வதிவை அது கோரிற்று. விவாகமானவருக்கு ஏழாண்டும் ஏனையோருக்குப் பத்தாண்டும் விதிக்கப்பட்டன. எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் விண்ணப்பங்களுள் அடங்கியிருந்தும், ஏறத்தாழ 134,000 பேரே ஏற்கப்பட்டனர். ‘எத்தினம் முதல் வதிபவர்’ என்னும் ஒரு களத்தின் வன்மையை இதனின்றும் உணரலாம். 1949இன் தேர்தற் சட்டத் திருத்தம் பிரஜையல்லாதாரின் வாக்குரிமையையும் பறித்தது. கோடக்கன்பிள்ளை வழக்கில் 1953இல் தீர்ப்பளித்த பிரித்தானியப் பிரிவிக் கவுன்சில், இச்சட்டங்கள் செல்லுபடியாகுமென முடிவு செய்தது. சொல்லின் நடுநிலைத் தோற்றமே அதன் அரசியலுக்குக் கவசமாயிற்று.

1964 ஒக்டோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேர் 1974இல் இரு நாடுகளுக்கும் சரிபாதியாக்கப்பட்டனர். மனிதர் தொகையாக மாற்றப்படும் செயற்பாட்டின் உச்சநிலை இதுவெனலாம். ஒப்பந்த நாள் தொட்டு இலங்கையில் நிரந்தரமாக வதிந்த இந்திய வம்சாவழியினருக்கும் அவர்தம் சந்ததியினருக்கும் 2003இன் 35ஆம் இலக்கச் சட்டம் பிரஜாவுரிமை அளித்தது.

தேசிய அடையாள அட்டையும் இவ்வகையில் ஆராயத்தக்கது. 1968ஆம் ஆண்டின் ஆட்பதிவுச் சட்டத்தின் கீழ் வந்த பழைய எண் ஒன்பது இலக்கங்களையும் ஓர் எழுத்தையும் கொண்டது. முதலிரு இலக்கங்கள் பிறந்த ஆண்டையும் அடுத்த மூன்று ஆண்டின் எத்தனையாம் நாள் என்பதையும் காட்டின. பெண்ணாயின் அத்தொகையுடன் 500 கூட்டப்பட்டது. ஈற்றெழுத்து வாக்குரிமையாளருக்கு ‘வீ’ எனவும் அஃதற்றவருக்கு ‘எக்ஸ்’ எனவும் அமைந்தது. மாறக்கூடிய ஓர் அரசியல் நிலை மாறாத எண்ணின் உறுப்பாக்கப்பட்டமை மனங்கொள்ளத்தக்கது. 2016 முதல் வழங்கப்படும் பன்னிரண்டு இலக்க எண்ணில் அவ்வெழுத்து இல்லை. பாலும் பிறந்த நாளும் இன்றும் எண்ணினுள் உறைகின்றன.

சட்டப்படி பிரஜையாயிருப்பதும் ஓரிடத்தில் அச்சமின்றி வதிவதும் ஒன்றல்ல என்பதைக் கொழும்பு நகரம் காட்டிற்று. போர்க்காலத்தில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைத் தமிழ் இல்லங்களில் வதிவோரின் விபரங்களைப் பொலிசாரிடம் பதியும் நடைமுறை நிலவியது. 2007 ஜூன் 7இல் இப்பகுதிகள் உட்பட நகரின் விடுதிகளிலிருந்து 376 தமிழர் பஸ்களில் ஏற்றப்பட்டு வெளியேற்றப்பட்டனர். தகுந்த காரணமின்றித் தலைநகரில் தங்கியிருந்தனர் என்பதே அவர்கள்மீது சுமத்தப்பட்டது. அடையாள அட்டையை உடையோருக்கும் அது துணைசெய்யவில்லை. மறுநாள் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. ‘வருகையின் நோக்கம்’ என்றொரு களம் படிவத்தில் இருக்குமாயின், அதற்குரிய விடையை மதிப்பிடும் அதிகாரமும் உடன்வரும். அவ்வதிகாரம் யார் கையில் உள்ளது என்பதே மூல வினாவாகும்.

தமிழ்ச் சொல்லும் இவ்வரலாற்றுக்குப் புறம்பானதன்று. ‘குடி’ என்பது பழந்தமிழில் குலத்தையும் ஆளப்படுவோரையும் குறித்தது. யாழ்ப்பாணச் சமூகத்திலோ ‘குடிமை’ என்பது உயர்சாதியினருக்குத் தொண்டு செய்யக் கடமைப்பட்டோரைச் சுட்டிற்று. கடமையைக் குறித்த சொல் உரிமையைக் குறிக்கலானது சமுதாயப் போராட்டத்தின் பேறாகும். சொல், வர்க்கங்கள் மோதும் களமென 1929இல் வொலொஷினவ் விளக்கியமை இங்கு பொருந்தும்.

இன்று இந்திய நன்கொடை உதவியுடன் தனித்துவ எண்முறை அடையாளத் திட்டம் இலங்கையில் முன்னெடுக்கப்படுகின்றது. அதற்கான உடன்படிக்கை 2022 மார்ச்சில் கைச்சாத்தாயிற்று. இத்தகைய திட்டத்தின் சொற்றொகுதியை வகுப்போர் மேற்கூறிய அனுபவத்திலிருந்து சில நெறிகளைப் பெறலாம்.

முதலாவது, ஒருவர் பிரஜை என்பதே சான்றில் இடம்பெற வேண்டும். வம்சாவழியாலா பதிவாலா என்னும் பிரிவு சரிபார்ப்பவருக்குத் தோன்றலாகாது. இரண்டாவது, ‘பதிவு இல்லை’ என்பதும் ‘உரிமை இல்லை’ என்பதும் வெவ்வேறு பெறுமதிகளாதல் வேண்டும். மலையக மக்களின் நாடற்ற நிலை பெரும்பாலும் இவ்விரண்டையும் ஒன்றாக்கியதன் விளைவே. மூன்றாவது, தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னிடும் தமிழர் பெயர்முறை, குடும்பப்பெயர்க் களத்துள் திணிக்கப்படலாகாது. மணமான பின் கணவன் பெயரை ஏற்கும் பெண்ணின் ஆவணங்கள் ஒன்றோடொன்று முரண்படுவதற்கு அது வழிவகுக்கும். நான்காவது, இடப்பெயர்வால் நேர்ந்த இடைவெளி வதிவின் தொடர்ச்சியை முறிப்பதாகக் கொள்ளப்படலாகாது. இறுதியாக, மறுக்கப்பட்டவர் காரணத்தை எழுத்தில் தம் மொழியிற் பெற்று மேன்முறையீடு செய்யும் வழியும் அமைப்பினுள்ளேயே இருத்தல் வேண்டும்.

செம்மையான சொற்றொகுதி மட்டும் நீதியைத் தந்துவிடாது. உற்பத்தி உறவுகளும் அரசின் இயல்புமே உரிமைகளின் எல்லையை ஈற்றில் நிர்ணயிக்கின்றன. எனினும், 1948இல் ஒரு விதியின் சொற்கள் உழைக்கும் மக்களுள் ஒரு பெரும் பகுதியினரை நாடற்றவராக்கின. அதனைத் திருத்த அரைநூற்றாண்டுக்கு மேல் வேண்டியிருந்தது. ஆகவே களங்களின் பட்டியலைத் தொழில்நுட்பவியலாரிடம் மட்டும் விட்டுவிடாது, தொழிற்சங்கங்களும் மலையக அமைப்புகளும் தமிழறிஞரும் வரைவு நிலையிலேயே அதனை வாசித்து விவாதிப்பது இன்றியமையாததாகும்.