கதையில் உண்டு, ஆட்டத்தில் உண்டா?

1984ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் இங்கிலாந்தில் 'எலைட்' என்ற கணிப்பொறி விளையாட்டு விற்பனைக்கு வந்தது. அதன் பெட்டியைத் திறந்தவர்கள் ஒரு சிறு புதினமும் உள்ளே இருப்பதைக் கண்டனர். அதன் பெயர் 'தி டார்க் வீல்'. தமிழில் 'கருஞ்சக்கரம்' எனலாம். விளையாட்டை வாங்கியவர்களில் பலர் பள்ளி மாணவர்கள். ஆட்டத்தை ஆடிவிட்டுக் கதையைப் படித்தவர் சிலர். கதையைப் படித்துவிட்டு ஆடியவர் சிலர். அன்று தொடங்கிய விவாதம் நாற்பது ஆண்டுகளைக் கடந்தும் நடக்கிறது!

ஒரு சிறு கதையைப் பற்றி இத்தனை காலம் பேச என்ன இருக்கிறது? வாருங்கள், பார்ப்போம்.

பெட்டிக்குள் ஒரு கதை

எலைட் விளையாட்டை உருவாக்கியவர்கள் டேவிட் பிரேபன், இயன் பெல் என்ற இருவர். அப்போது இருவரும் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக மாணவர்கள். ஏகார்ன்சாஃப்ட் நிறுவனம் அதை வெளியிட்டது. விளையாட்டு ஓடிய கருவி 'பி.பி.சி. மைக்ரோ' என்னும் சிறு கணிப்பொறி. நம் நாட்டில் 1984-85இல் பள்ளிகளில் தொடங்கப்பட்ட 'கிளாஸ்' என்னும் கணிப்பொறிக் கல்வித் திட்டத்திலும் இந்த வகைக் கணிப்பொறியே பயன்பட்டது.

ஆட்டத்தில் நீங்கள் ஒரு விண்கலத்தின் தலைவர். மண்டலம் விட்டு மண்டலம் சென்று சரக்குகளை வாங்கி விற்க வேண்டும். கொள்ளையரை எதிர்த்துப் போரிட வேண்டும். திரையில் தோன்றும் கலங்கள் வெறும் கோடுகளால் ஆனவை. கோள் என்பது ஒரு வட்டம். அதில் இறங்கவும் முடியாது.

கதையை எழுதியவர் ராபர்ட் ஹோல்ட்ஸ்டாக். விலங்கியல் படித்து எழுத்தாளரானவர். தந்தையைத் தாக்குதலில் பறிகொடுத்த அலெக்ஸ் ரைடர் என்னும் இளைஞன், கொன்றவரைத் தேடிப் புறப்படுகிறான். இதுவே கதை. இடையே 'ரக்ஸ்லா' என்ற மர்ம உலகம் ஒன்று பேசப்படுகிறது. வேறு பிரபஞ்சங்களுக்குச் செல்லும் வாயில் அங்கே இருக்கிறதாம்! அதைத் தேடும் இரகசியக் கூட்டத்தின் பெயர்தான் கருஞ்சக்கரம்.

மூவகைக் கருத்துகள்

இந்தக் கதையைப் படித்தவர்களின் கருத்துகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை: "பழிவாங்கும் கதைதானே, இதில் புதுமை என்ன?" என்பவர்களும், "விறுவிறுப்பாக இருந்தது" என்பவர்களும். இது அவரவர் விருப்பம். சோதனை செய்து ஒரு முடிவுக்கு வர இயலாது.

இரண்டாம் வகை: "கதையைப் படித்த பின்புதான் அந்தக் கோடுகள் எனக்குக் கலங்களாகத் தெரிந்தன" என்பவர்கள். இது படித்தவரின் அனுபவம். அவருக்கு அப்படித் தோன்றியது என்பதை நாம் மறுக்க முடியாது; எல்லோருக்கும் அப்படியே தோன்ற வேண்டும் என்றும் சொல்ல முடியாது.

மூன்றாம் வகை: "ரக்ஸ்லா ஆட்டத்தில் எங்கோ ஒளிந்திருக்கிறது, தேடினால் கிடைக்கும்" என்பவர்களும், "இல்லாததைச் சொல்லி ஏமாற்றிவிட்டார்கள்" என்பவர்களும். இதுவும் கருத்து போலத்தான் தோன்றும். ஆனால் உண்மையில் இது ஆராய்ந்து பார்க்கக்கூடிய ஒரு கூற்று. ஒன்று, ரக்ஸ்லா உள்ளே இருக்க வேண்டும். அல்லது இல்லாதிருக்க வேண்டும். எத்தனை பேர் எந்தப் பக்கம் கை தூக்குகிறார்கள் என்பதால் விடை மாறாது.

அப்படியானால் எப்படிக் கண்டறிவது? அதற்கு முதலில் அந்தச் சிறு கணிப்பொறிக்குள் ஒரு வானம் எப்படி அடங்கியது என்று அறிய வேண்டும்.

சிறு பெட்டிக்குள் 2,048 மண்டலங்கள்

எலைட்டில் 8 அண்டங்கள் உண்டு. ஒவ்வொன்றிலும் 256 விண்மீன் மண்டலங்கள். ஆக மொத்தம் 2,048. கணிப்பொறியின் நினைவகமோ 32 கிலோபைட், அதாவது 32,768 பைட்டுகள் மட்டுமே. ஒரு மண்டலத்தின் பெயர், இடம், தொழில், மக்கள்தொகை ஆகியவற்றை எழுதி வைக்க 20 பைட்டுகள் தேவை என்று கொள்வோம். 2,048 மண்டலங்களுக்கு 40,960 பைட்டுகள் ஆகிவிடும். மொத்த நினைவகமும் போதாது!

எனவே பிரேபனும் பெல்லும் மண்டலங்களை எழுதி வைக்கவே இல்லை. வேண்டும்போது கணக்கிட்டுக்கொள்ளும்படி செய்தார்கள். அவர்கள் வைத்தவை மூன்று எண்கள். மூன்றுக்கும் சேர்த்து இடம் 6 பைட்டுகள்தாம். மூன்றையும் கூட்டினால் நான்காவது எண். பிறகு கடைசி மூன்றைக் கூட்டினால் ஐந்தாவது எண். கூட்டுத்தொகை பெரிதானால் அதன் கடைசிப் பகுதியை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும்.

நீங்களே காகிதத்தில் செய்து பாருங்கள். 1, 2, 4 என்று தொடங்குங்கள். மூன்றையும் கூட்டினால் 7. அடுத்து 2+4+7=13; கடைசி இலக்கமான 3ஐ மட்டும் எழுதுங்கள். இப்படியே போனால் 1, 2, 4, 7, 3, 4, 4, 1, 9, 4, 4, 7, 5 என்று வரும். பார்ப்பதற்கு ஒழுங்கற்ற எண்கள். ஆனால் உலகில் யார் செய்தாலும், எத்தனை முறை செய்தாலும் இதே வரிசைதான் வரும். அதனால்தான் லண்டனில் ஆடியவருக்கும் எடின்பரோவில் ஆடியவருக்கும் ஒரே வானம் கிடைத்தது.

எட்டு அண்டங்கள் எப்படி வந்தன? ஒரு பைட்டில் எட்டு பிட்டுகள் உண்டு. அடுத்த அண்டத்துக்குச் செல்லும்போது அந்த 6 பைட்டுகளில் ஒவ்வொன்றிலும் பிட்டுகளை ஓர் இடம் சுழற்றுவார்கள். எட்டு முறை சுழற்றினால் பழைய நிலைக்கே வந்துவிடும் அல்லவா? ஆகவே எட்டு அண்டங்கள்!

பெயர்களே சாட்சி

மண்டலங்களின் பெயர்களும் இந்த எண்களிலிருந்தே பிறக்கின்றன. இரண்டிரண்டு ஆங்கில எழுத்துகள் கொண்ட இணைகளின் பட்டியல் ஒன்று நினைவகத்தில் உண்டு. எண்கள் சுட்டும் இணைகளை அடுத்தடுத்து வைத்தால் பெயர் தயார். ஆட்டம் தொடங்கும் 'லேவ்' என்ற மண்டலத்தின் பெயரில் எல்-ஏ, வி-ஈ என இரண்டு இணைகள். எந்தப் பெயரிலும் நான்கு இணைகளுக்கு மேல் இல்லை.

இப்போது ரக்ஸ்லாவுக்கு வருவோம். அதன் எழுத்துகள் ஆர், ஏ, எக்ஸ், எக்ஸ், எல், ஏ. பட்டியலில் ஆர்-ஏ உண்டு; எல்-ஏயும் உண்டு. ஆனால் எக்ஸ்-எக்ஸ் இல்லை! பட்டியலில் எக்ஸ் என்ற எழுத்து ஒரே ஓர் இணையில்தான் வருகிறது: எக்ஸ்-ஈ. ஆக, 1984ஆம் ஆண்டின் ஆட்டத்தில் ரக்ஸ்லா என்ற பெயர் உருவாகவே வழியில்லை.

"வேறு பெயரில் ஒளிந்திருக்கலாமே?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. அதற்கும் விடை உண்டு. இயன் பெல் அந்த ஆட்டத்தின் மூல ஆணைநிரலைப் பின்னாளில் எல்லோரும் பார்க்கும்படி வெளியிட்டார். ஆர்வலர்கள் அதை வரி வரியாகப் படித்து விளக்கம் எழுதிவிட்டனர். 2,048 மண்டலங்களும் பட்டியலிடப்பட்டன. வேறு பிரபஞ்சத்துக்குச் செல்லும் வாயில் எதுவும் அதில் இல்லை.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். "நான் தேடினேன், கிடைக்கவில்லை" என்பது வேறு. "முழுவதையும் பார்த்தாகிவிட்டது, இல்லை" என்பது வேறு. இந்த வானத்துக்கு எல்லை உண்டு. அதன் விதிகள் அனைத்தும் நம் கையில் உண்டு. அதனால்தான் இல்லை என்று உறுதியாகச் சொல்ல முடிந்தது.

வானம் பெரிதானால்?

2014இல் 'எலைட் டேஞ்சரஸ்' என்ற புதிய ஆட்டம் வந்தது. நம் பால்வெளி மண்டலத்தைப் போலவே அமைக்கப்பட்ட அதில் சுமார் 40,000 கோடி விண்மீன் மண்டலங்கள்! அதை உருவாக்கியவர்கள், ரக்ஸ்லா இந்த ஆட்டத்தில் இருக்கிறது என்றார்கள். இடத்தை மட்டும் சொல்லவில்லை. 2018இல் ஆட்டத்துக்குள் சேர்க்கப்பட்ட தகவல் தொகுப்பிலும் ரக்ஸ்லா பற்றிய குறிப்பு உண்டு. அதிலும் இடம் இல்லை.

பழைய 2,048 மண்டலங்களை நிமிடத்துக்கு ஒன்றாகப் பார்த்தால் 34 மணி நேரத்தில் முடித்துவிடலாம். 40,000 கோடியை நொடிக்கு ஒன்றாகப் பார்த்தாலும் ஏறத்தாழ 12,700 ஆண்டுகள் ஆகும். உலகெங்கும் உள்ள ஆட்டக்காரர்கள் கூடிப் பல ஆண்டுகள் தேடியும் பார்த்தது நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. மேலும், இந்த ஆட்டத்தின் ஆணைநிரல் திறந்து வைக்கப்படவில்லை. எனவே பழைய ஆட்டத்தில் கிடைத்தது போன்ற முடிவான விடை இங்கே கிடைக்காது. உருவாக்கியவரின் சொல்லை நம்பலாம். ஆனால் நம்பிக்கையும் கண்டறிதலும் ஒன்றல்ல.

இயற்கையை ஆராயும் விஞ்ஞானிகளின் நிலையும் இத்தகையதே. இயற்கையின் ஆணைநிரலை அவர்களிடம் யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. வேற்றுலக உயிர்களைத் தேடுபவர்கள், "இன்ன விண்மீன்களை, இன்ன அலைவரிசையில், இத்தனை மணி நேரம் கேட்டோம்; குறிப்பு எதுவும் இல்லை" என்றே எழுதுகிறார்கள். "எங்குமே இல்லை" என்று எழுதுவதில்லை. எவ்வளவு தேடினோம் என்ற அளவும் விடையின் ஒரு பகுதி.

அப்படியானால் ஹோல்ட்ஸ்டாக் ஏமாற்றினாரா? தாம் எழுதுவது கதை என்று அவர் மறைக்கவில்லை. இரவெல்லாம் விழித்துத் தேடிய சிறுவர்களுக்கு ஏமாற்றம் உண்மைதான். ஆனால் அந்த ஆவல்தான் பின்னாளில் பலரை ஆணைநிரலையே பிரித்துப் படிக்கும்படி தூண்டியது. இது ஏமாற்றமா, பரிசா என்பது முதல் வகைக் கேள்வி, விடை உங்களுடையது.

நீங்களும் செய்து பாருங்கள்

அண்மையில் படித்த ஓர் அறிவியல் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். நண்பர்கள் ஐவரிடம் கருத்துக் கேட்டு, ஒரு தாளில் மூன்று கட்டங்கள் வரைந்து எழுதுங்கள். விருப்பம் முதல் கட்டத்தில், அனுபவம் இரண்டாவதில், சோதித்துப் பார்க்கக்கூடிய கூற்று மூன்றாவதில். மூன்றாம் கட்டத்தில் உள்ள ஒவ்வொன்றுக்கும் எதிரே, அதை எப்படிச் சோதிப்பது, அதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று குறியுங்கள். சோதிக்கும் வழியே தெரியாதவை சில மிஞ்சலாம். அவற்றை அடித்துவிடாதீர்கள், தேதி போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.