மழைச் சாலைக்கு எந்த டயர்?



நம் தோட்டத்துக் குடும்பங்களில் லாரியோடு தொடர்பில்லாத குடும்பம் இன்று மிகக் குறைவு. ஒரு வீட்டு மகன் ஜொகூர் பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூருக்குப் போய்ச் சரக்கு லாரி ஓட்டுகிறான். இன்னொரு வீட்டு மருமகன் சொந்தமாகப் பிக்கப் லாரி வாங்கிக் காய்கறி ஏற்றுகிறார். ஊரிலிருந்து வந்த உறவுப் பிள்ளை ஒருவன் கட்டட வேலைக்குப் போகும்போது லாரியின் பின்தட்டில் உட்கார்ந்து போகிறான். இவர்கள் எல்லாருடைய உயிரும் எதன்மேல் நிற்கிறது தெரியுமா? சாலையைத் தொட்டுக்கொண்டிருக்கும் நான்கு டயர்களின்மேல் நிற்கிறது. அதிலும் டயர் முழுவதும் சாலையைத் தொடுவதில்லை. ஒவ்வொரு டயரிலும் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அகலந்தான் தரையில் பதிகிறது. அந்த உள்ளங்கைப் பிடி நழுவினால், பிரேக்கும் பயன்படாது, ஓட்டுநரின் திறமையும் பயன்படாது.

டயர் வாங்கும்போது நம்மில் பலர் இரண்டே கேள்விகள் கேட்கிறோம். விலை மலிவா? பள்ளம் ஆழமாக இருக்கிறதா? இவை போதுமா? போதா. ‘இந்த டயர் எந்த ஊர்ச் சாலைக்காகச் செய்யப்பட்டது?’ என்ற மூன்றாவது கேள்வியையும் கேட்க வேண்டும். இன்றைய பேச்சு அதைப் பற்றியதுதான்.

டயர் நமக்கு அந்நியப் பொருள் அன்று. 1877ஆம் ஆண்டில் 22 ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. அவற்றில் சில அங்குள்ள தாவரவியல் தோட்டத்தில் நடப்பட்டன. 1888இல் அத்தோட்டத்தின் பொறுப்பை ஏற்ற ஹென்றி ரிட்லி என்பவர், மரத்தைக் காயப்படுத்திக் கொல்லாமல் பட்டையை மெல்லச் சீவிப் பால் எடுக்கும் முறையை வகுத்தார். நம் பாட்டன் பாட்டிமார் விடியற்காலையில் நிரை பிடித்து, கத்தியும் வாளியுமாய்ப் பால் வெட்டியது அந்த வழியில் வந்த முறையில்தான். அவர் பொறுப்பேற்ற அதே 1888இல் அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் ஜான் பாய்ட் டன்லப் என்பவர் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். பிறகு மோட்டார் வண்டி பெருகியது. ரப்பருக்குக் கிராக்கி வந்தது. காடுகள் தோட்டங்களாயின. இன்று பல தோட்டங்களில் பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. ஆனாலும் லாரி டயரில் இயற்கை ரப்பர் இன்றும் பெரும்பங்கு வகிக்கிறது. பாரம் தாங்கி உருளும்போது டயர் நசுங்கி நசுங்கிச் சூடேறும். இயற்கை ரப்பர் அப்படிச் சூடேறுவது குறைவு. எளிதில் கிழிவதுமில்லை.

இயற்கை ரப்பருக்கு இன்னொரு குணமும் உண்டு. அது கடுங்குளிரிலும் விறைத்துப் போகாது. வீட்டில் பிள்ளைகள் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். ஒரு ரப்பர் வளையத்தையும், தண்ணீர் பாய்ச்சும் பிளாஸ்டிக் குழாயில் ஒரு துண்டையும் குளிர்பெட்டியின் பனிக்கட்டி அறையில் ஓர் இரவு வையுங்கள். காலையில் எடுத்தால் பிளாஸ்டிக் குழாய் விறைத்திருக்கும். ரப்பர் வளையம் அப்போதும் இழுபடும்.

பனி பொழியும் நாடுகளில் இந்தக் குணம் மிகவும் தேவைப்படுகிறது. கனடாவில் நம் தமிழ் மக்கள் பல்லாயிரவர் வாழ்கிறார்கள். அங்குள்ள கியூபெக் மாநிலத்தில், டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை கார்களில் குளிர்கால டயர் மாட்டியிருக்க வேண்டும் என்பது சட்டம். வெப்பநிலை 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் சாதாரண டயரின் ரப்பர் இறுகத் தொடங்கும். இறுகிய ரப்பர் சாலையின் சிறு மேடு பள்ளங்களில் படிந்து பிடிக்காது. ஆகவே குளிர்கால டயருக்கு மிகவும் மென்மையான ரப்பர்க் கலவையைச் சேர்க்கிறார்கள். அதன் மேல்தோலில் ஆழமான பள்ளங்கள் இருக்கும். ஒவ்வொரு கட்டையிலும் கத்தியால் கீறியதுபோல மெல்லிய கீறல்கள் நிறைந்திருக்கும். பள்ளங்களில் வெண்பனி அடைந்துகொள்ளும். பனி பனியைப் பற்றும் என்பதால் வண்டி நகரும், நிற்கும். மெல்லிய கீறல்களின் விளிம்புகள் வழுக்குப் பரப்பைச் சுரண்டிப் பிடிக்கும்.

அந்த டயரின் பக்கவாட்டில் ஓர் அடையாளம் பார்க்கலாம். மூன்று முகடுள்ள மலை, அதற்குள் ஒரு பனிப்பூ. பனிச் சோதனையில் தேறிய டயர் என்பது அதன் பொருள். ‘எம்’, ‘எஸ்’ என்ற இரண்டு எழுத்துகள் மட்டும் இருந்தால் சேற்றுக்கும் பனிக்கும் ஏற்ற பள்ள அமைப்பு என்று பொருள். பிக்கப் டயர்கள் பலவற்றில் இவ்வெழுத்துகள் இருக்கும். அதனால் மட்டும் அது குளிர்கால டயர் ஆகிவிடாது.

இனி நம் பக்கம் வருவோம். சிங்கப்பூரில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 19 டிகிரிதான். அது 1989ஆம் ஆண்டு பிப்ரவரி 14ஆம் நாள் பதிவானது. வெயில் நாளில் காற்றின் வெப்பம் 32, 33 டிகிரியைத் தொடும். தார்ச்சாலையின் சூடு 50 டிகிரியையும் தாண்டும். இந்தச் சூட்டில் குளிர்கால டயரின் மென்மையான ரப்பர் மேலும் குழைந்துவிடும். கட்டைகள் நெளியும். திருப்பத்தில் வண்டி மிதப்பதுபோல் இருக்கும். பிரேக் பிடித்தால் வண்டி நிற்க அதிகத் தூரம் ஆகும். சில மாதங்களிலேயே தேய்ந்தும் போகும். பாரம் ஏற்றிய லாரியில் இந்தக் கேடு இன்னும் அதிகம். பழைய டயர்க் குவியலில், பள்ளம் ஆழமாக, பார்வைக்குப் புதிதாக, மலிவாக ஒரு டயர் கண்ணில் படலாம். பக்கவாட்டில் மலையும் பனிப்பூவும் இருந்து, மேல்தோலில் மெல்லிய கீறல்களும் நிறைந்திருந்தால், அதைத் தொடாமல் விடுங்கள். பனி நாட்டில் உயிர் காக்கும் டயர் நம் நாட்டில் உயிரோடு விளையாடும்.

நம் ஊருக்குப் பனி இல்லை. ஆனால் மழை உண்டு. சிங்கப்பூரில் ஓர் ஆண்டில் சராசரியாக 2,100 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. ஆண்டில் ஏறக்குறைய 170 நாள் மழை நாள். டிசம்பர் மாதத்தில் வடகிழக்குப் பருவமழை வலுத்துக் கொட்டும். பனி நாட்டாருக்குப் பனி எப்படியோ, நமக்கு மழை அப்படி.

மழையில் டயர் என்ன வேலை செய்கிறது? பாசிர் பாஞ்சாங் மொத்தச் சந்தையில் காய்கறி ஏற்றிக்கொண்டு விடியுமுன் தேக்காவுக்கு வரும் ஒரு பிக்கப் லாரியை எடுத்துக்கொள்வோம். சாலையில் 3 மில்லிமீட்டர் தண்ணீர் நிற்கிறது. டயரின் அகலம் 20 சென்டிமீட்டர். வேகம் மணிக்கு 70 கிலோமீட்டர். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு முன் டயரும் ஒரு வினாடியில் ஏறக்குறைய பதினொன்றரை லிட்டர் தண்ணீரை ஒதுக்கித் தள்ள வேண்டும். அதாவது வினாடிக்கு ஒரு வாளி! அந்தத் தண்ணீருக்கு வாய்க்கால் எது? டயரின் பள்ளங்களே வாய்க்கால். பள்ளம் தேய்ந்து வாய்க்கால் தூர்ந்துவிட்டால் தண்ணீர் போக வழியின்றி டயருக்கு அடியில் புகுந்துகொள்ளும். டயர் தரையை விட்டுத் தண்ணீர்மேல் ஏறிவிடும். அப்போது ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் வண்டி திரும்பாது, பிரேக்கை மிதித்தாலும் நிற்காது.

பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது என்பது சிங்கப்பூர்ச் சட்டம். ஆனால் அது கடைசி எல்லை. மழைச் சாலைக்கு 3 மில்லிமீட்டரை எட்டியதுமே மாற்றுவது நல்லது. அளப்பதற்குப் பெரிய கருவி வேண்டாம். பள்ளத்துக்குள் ஒரு தீக்குச்சியை நிறுத்தி, மேல்மட்டத்தில் நகத்தால் அடையாளம் வைத்து, பள்ளிப் பிள்ளையின் அடிக்கோலில் வைத்துப் பாருங்கள். பள்ளத்தின் அடியில் ஆங்காங்கே குறுக்கே சிறு மேடுகள் இருக்கும். தேய்மானம் அந்த மேட்டைத் தொட்டுவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது என்று பொருள்.

அடுத்தது பள்ளத்தின் அமைப்பு. நீளவாக்கில் நேர் வரிகளாக ஓடும் பள்ளங்கள் தண்ணீரை விரைவாக வெளியேற்றும். தார்ச்சாலையில் ஓடும் லாரிக்கு இதுவே ஏற்றது. பெரிய பெரிய கட்டைகளாக, அகன்ற இடைவெளியோடு இருப்பது தோட்டத்துச் செம்மண் பாதைக்கும் சேற்றுக்கும் உரியது. அது சேற்றில் நன்றாகக் கடித்து ஏறும். நனைந்த தார்ச்சாலையிலோ தரையைத் தொடும் ரப்பர் குறைவு, பிடியும் குறைவு. நாள்தோறும் சிங்கப்பூர் விரைவுச்சாலையில் ஓடும் வண்டிக்குச் சேற்று டயர் மாட்டுவது, கல்யாண வீட்டுக்கு உழவுக் கலப்பையைத் தூக்கிக்கொண்டு போவது போலாகும். பாதி நாள் தோட்டத்திலும் பாதி நாள் சாலையிலும் ஓடும் பிக்கப்புக்கு இரண்டுக்கும் நடுத்தரமான டயர்கள் கிடைக்கின்றன.

டயரின் பக்கவாட்டு எழுத்துகளைப் படிக்கவும் கற்றுக்கொள்ள வேண்டும். ‘195 ஆர் 15 சி 106/104’ என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 195 என்பது மில்லிமீட்டரில் அகலம். ‘ஆர்’ என்பது ரேடியல் டயர். 15 என்பது அங்குலத்தில் சக்கர வளையத்தின் அளவு. ‘சி’ என்றால் சரக்கு வண்டிக்கு உரியது. 106 என்பது பாரக் குறியீடு. ஒற்றைச் சக்கரமாக மாட்டினால் ஒரு டயர் 950 கிலோ தாங்கும். 104 என்பது பின்னால் இரட்டைச் சக்கரமாக மாட்டினால் ஒவ்வொன்றும் 900 கிலோ தாங்கும் என்பதைக் குறிக்கும். காருக்குரிய டயரில் 91 என்று இருந்தால் அது 615 கிலோதான் தாங்கும். வளையத்துக்குப் பொருந்துகிறதே என்று கார் டயரை லாரிக்கு மாட்டினால், ஒவ்வொரு டயரிலும் 300 கிலோவுக்கு மேல் தாங்கும் சக்தி குறைந்துவிடும். வெடிப்பது வியப்பில்லை.

இன்னோரிடத்தில் ஒரு வரிசையின் முடிவில் நான்கு எண்கள் இருக்கும். ‘2319’ என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. டயர் ஓடாமல் கடையில் கிடந்தாலும் ரப்பர் முதுமை அடையும். வெயிலும் காற்றும் பட்டு இறுகி வெடிப்பு விழும். பள்ளம் ஆழமாக இருந்தும் பிடி இல்லாத டயர்கள் இப்படிப்பட்டவைதான். ஐந்தாறு ஆண்டு ஆன டயரை ஆண்டுதோறும் தெரிந்தவரிடம் காட்டிச் சோதிக்க வேண்டும். பத்தாண்டு ஆனதை எப்படி இருந்தாலும் கழித்துவிட வேண்டும்.

மேல்தோல் தேய்ந்த டயருக்குப் புதுத்தோல் ஏற்றி விற்பதை ‘ரீட்ரெட்’ என்பார்கள். நல்ல பட்டறையில் முறையாகச் செய்தது பின்சக்கரத்துக்கு உதவும். வண்டியைத் திருப்பும் முன்சக்கரத்துக்கு அது வேண்டாம். இரண்டு டயர் மட்டும் புதிதாக மாற்றக் காசு இருந்தால், ஒரே அச்சின் இருபுறமும் ஒரே அளவு, ஒரே வகையாக மாட்டுங்கள். இரட்டைச் சக்கரத்தில் ஒன்று புதிது, ஒன்று தேய்ந்தது என்று வைத்தால், பாரத்தின் பெரும்பங்கைப் புதியதே சுமக்கும்.

நல்ல டயர் வாங்கினால் மட்டும் போதாது. காற்று சரியாக இருக்க வேண்டும். எவ்வளவு காற்று என்பது பெரும்பாலும் ஓட்டுநர் கதவருகே ஒட்டிய சீட்டில் எழுதியிருக்கும். காற்றுக் குறைந்த டயர் சூடேறும், தண்ணீர்மேலும் விரைவில் மிதக்கும். வாரம் ஒருமுறை, வண்டி ஓடுமுன், டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சிராங்கூன் சாலைப் பக்கம் போனால், உழைத்துக் களைத்த நம் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் கூடியிருப்பதைக் காணலாம். மறுநாள் காலையில் அவர்களில் பலர் பத்தடி லாரியிலும் பதினான்கடி லாரியிலும் வேலைக்குப் போகிறவர்கள். ஆட்களை ஏற்றும் லாரிகளுக்குக் கூரையும் உயர்ந்த பக்கக் கம்பிகளும் வேண்டும் என்று சிங்கப்பூரில் 2011இல் விதி வந்தது. கூரை மழையைத் தடுக்கும். கம்பி கீழே விழாமல் தடுக்கும். ஆனால் லாரி வழுக்காமல் தடுப்பது டயர்தான். காய்கறிக் கூடை கவிழ்ந்தால் பொறுக்கிக்கொள்ளலாம். பின்தட்டில் இருப்பவன் ஒரு தாயின் பிள்ளை.

ஆகவே தாய்மார்களே, டயர் ஆண்கள் காரியம் என்று விட்டுவிடாதீர்கள். உங்கள் வீட்டில் லாரி ஓட்டுகிறவர் இருந்தால் கேளுங்கள்: பள்ளம் எத்தனை மில்லிமீட்டர் இருக்கிறது? எந்த ஆண்டு டயர்? பாரக் குறியீடு என்ன? காற்று எப்போது பார்த்தது? உங்கள் பிள்ளை லாரியில் ஏறிப் போகிறவனாக இருந்தால், ஏறுமுன் ஒரு முறை சக்கரத்தைக் குனிந்து பார்க்கச் சொல்லுங்கள். வழவழவென்று தேய்ந்திருந்தால் மேற்பார்வையாளரிடம் சொல்லச் சொல்லுங்கள். எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளைகள் வீட்டு வண்டியின் டயரிலிருந்து அந்த எண்களைக் குறித்து வந்து பெரியவர்களுக்குச் சொல்லலாம். அதுவும் படிப்புத்தான்.

இடமறிந்து, மழையறிந்து, பாரமறிந்து டயரைத் தேர்ந்தெடுப்போம். மாலையில் எல்லாரும் வீடு திரும்பட்டும்.