கறுப்பரிசியைக் காணும் கண்
(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

மளிகைக் கடைகளில் 'சார்டெக்ஸ் அரிசி' என்று எழுதி வைத்திருப்பதை நண்பர்கள் பார்த்திருப்பீர்கள். கறுப்பரிசியையும் பழுப்பரிசியையும் இயந்திரமே கண்டு ஒதுக்கிய அரிசி அது. திருத்துறைப்பூண்டியை அடுத்த ஓர் ஆலையில் என் தாயார் பல ஆண்டுகள் முறத்தை மடியில் வைத்துச் செய்த வேலையும் அதுவே. இயந்திரம் வந்தபின் அவ்வேலை நின்றது. இப்போது மூட்டை தைக்கும் பக்கத்தில் இருக்கிறார்கள். ஒருநாள், "நீ பிசிக்ஸ்தானே படிக்கிற? அவ்வளவு அரிசி கொட்டுறப்ப ஒரு அரிசிய மட்டும் அது எப்படிடி பாத்துத் தள்ளுது?" என்று என்னைக் கேட்டார்கள். எனக்குப் பதில் தெரியவில்லை. இக்கட்டுரை பிறந்த கதை இதுதான்.

சரிவான தகட்டில் வழிந்து விழும் அரிசியின்மேல் விளக்கொளி பாய்ச்சப்படுகிறது. வெள்ளை மணி அதிக ஒளியைத் திருப்பும். கறுப்பு மணி குறைவாகத் திருப்பும். ஒளி குறைந்த கணத்தில் அழுத்தக் காற்று 'புஸ்' என்று ஊதி அந்த மணியை ஒதுக்கிவிடும். இன்றைய இயந்திரங்களில் கேமராவே இருக்கிறது. ஆயினும் ஒளியை மின்னோட்டமாக்கும் இயற்பியல் மாறவில்லை. அதனை எளிதாக அறிய ஓர் ஒளி டையோடு போதும் என்று பேராசிரியர் கூறினார்.

டையோடு தரும் மின்னோட்டம் மிகச் சிறியது. நான் கணக்குக்கு எடுத்துக்கொண்டது 10 நானோ ஆம்பியர். அதாவது ஓர் ஆம்பியரில் பத்துக் கோடியில் ஒரு பங்கு. ஆப்-ஆம்பின் வெளியீட்டிலிருந்து உள்ளீட்டுக்கு 10 மெகா ஓம் மின்தடை ஒன்றை இணைத்தால் இது 0.1 வோல்ட்டாக வெளிவரும். முதலில் நம் ஆய்வகத்தில் உள்ள 741-ஐயே எடுத்தேன். அதன் உள்ளீடு தனக்கென்றே ஏறத்தாழ 80 நானோ ஆம்பியர் கேட்கிறது! மூட்டைத் தராசில் மூக்குத்தியை நிறுத்த கதைதான். உள்ளீட்டு மின்னோட்டம் மிக மிகக் குறைந்த டி.எல்.071-க்கு மாறினேன்.

இனி இரைச்சலுக்கு வருவோம். எந்த மின்தடையும் சூடு காரணமாகத் தானே சிறு மின்னழுத்த நடுக்கத்தைத் தருகிறது. 1928-இல் ஜான்சன் இதனை அளந்து வெளியிட, நைக்விஸ்ட் விளக்கம் தந்தார். மின்தடையைப் பத்து மடங்காக்கினால் சமிக்ஞை பத்து மடங்காகும். இரைச்சலோ அதன் வர்க்கமூலமான மூன்றே சொச்சம் மடங்குதான் கூடும். ஆகவே பெரிய மின்தடையே நல்லது. ஒரு மணி டையோடைக் கடக்க 2 மில்லி நொடி ஆகும் என்று வைத்துக்கொண்டு, மின்தடைக்கு இணையாக 10 பிக்கோ பாரட் மின்தேக்கியை வைத்தேன். சுற்று சுமார் 1,600 ஹெர்ட்ஸ் வரை வேலை செய்யும். கைக்கணக்கில் இரைச்சல் 20 மைக்ரோவோல்ட்.

இதைச் சரிபார்க்கவே கணினியை நாடினேன். சுற்றைச் செய்யாமலே கணினியில் ஓட்டிப் பார்க்கும் 'ஸ்பைஸ்' என்னும் நிரல் 1973-இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் உருவானது. அதன் வழிவந்த நிரலைக் கொண்ட 'ஈசிம்' மென்பொருளை மும்பை ஐ.ஐ.டி.யினர் இலவசமாகவே தருகின்றனர். டி.எல்.071-இன் சொந்த இரைச்சல் 20 கிலோ ஓம் மின்தடையின் வெப்ப இரைச்சலுக்கு ஏறத்தாழச் சமம். எனவே இரைச்சலற்ற ஆப்-ஆம்ப் ஒன்றை வரைந்து, அதன் நேர் உள்ளீட்டில் அப்படி ஒரு மின்தடையைச் சேர்த்தேன்.

விடை 110 மைக்ரோவோல்ட்! எங்கோ சுழியம் போட்டுத் தவறிவிட்டேன் என்றே நினைத்தேன். வரைபடத்தைப் பார்த்தபின்தான் விளங்கிற்று. 1,600 ஹெர்ட்ஸுக்கு மேல் சமிக்ஞை அடங்குகிறது. இரைச்சலோ அடங்காமல் மூன்றரை லட்சம் ஹெர்ட்ஸ் வரை மேடாக நீள்கிறது. டையோடின் உடம்பிலேயே 70 பிக்கோ பாரட் மின்தேக்கம் உண்டு. அதுவும் நான் வைத்த 10 பிக்கோ பாரடும் சேர்ந்து, ஆப்-ஆம்பின் சொந்த இரைச்சலை எட்டு மடங்காக்கிவிடுகின்றன. நான் சந்தேகப்பட்ட மின்தடை பாவம், அதன் பங்கு 20-தான். வெளியீட்டில் 10 கிலோ ஓமும் 10 நானோ பாரடும் கொண்ட வடிப்பான் ஒன்றைச் சேர்த்ததும் மேடு மறைந்தது. மொத்தம் 15 மைக்ரோவோல்ட்.

பெருமையோடு பேராசிரியரிடம் காட்டினேன். "ஒளியை எப்படி வரைந்தாய்?" என்றார். மின்னோட்ட மூலம் ஒன்றை வைத்திருந்தேன். நிரலைப் பொறுத்தவரை அதற்கு இரைச்சலே கிடையாது. ஆனால் மின்னோட்டம் என்பது எலெக்ட்ரான்கள் ஒவ்வொன்றாக, மழைத்துளி தகரத்தில் விழுவதுபோல் வருவது. அதற்கும் இரைச்சல் உண்டென்று ஷாட்கி 1918-இலேயே காட்டிவிட்டார். அதைச் சேர்த்தபோது 15 என்பது 25 ஆயிற்று. இந்த இரைச்சலை வடிப்பானால் ஓரளவே குறைக்கலாம். மிஞ்சியதை வெல்ல ஒளியைத்தான் கூட்டவேண்டும். ஒளி நான்கு மடங்கானால் சமிக்ஞையும் நான்கு மடங்காகும். இந்த இரைச்சல் இரு மடங்கே ஆகும்.

பலகையில் சுற்றைச் செய்தபோது வேறொன்று காத்திருந்தது. ஆய்வகக் குழல்விளக்கின் 100 ஹெர்ட்ஸ் மினுக்கல் எல்லாவற்றையும் மூழ்கடித்தது. அதையும் நான் கணினிக்குச் சொல்லவில்லையே! பிஸ்கட் டின் ஒன்றில் துளையிட்டுச் சுற்றை உள்ளே வைத்து, டின்னைப் புவி இணைப்போடு சேர்த்த பிறகே அலை ஓரளவு அடங்கிற்று.

அன்றிரவு அம்மாவிடம் முடிந்தவரை விளக்கினேன். மின்தேக்கிக் கதையெல்லாம் அவர்களுக்குப் பிடிபடவில்லை. இயந்திரத்துக்குள் அவ்வளவு விளக்கு எதற்கு என்று சொன்னபோது மட்டும் சிரித்துவிட்டார்கள். "நாங்களும் மொறத்தத் தூக்கிக்கிட்டு வாசப்பக்கம்தானடி ஒக்காருவோம்" என்றார்கள்.