அஞ்சறைப் பெட்டியும் அடுக்குப் பானையும்

ஐப்பசி பிறந்து வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டால் நெசவாளர் தெருக்களில் தறியோசை குறைந்துவிடும். தெருவில் பாவு விரித்துக் கஞ்சி போட இயலாது, போட்டாலும் காயாது. குழித்தறியின் குழியில் நீர் ஊறும். தறி நின்றால் கூலியும் நிற்கும். உழவர் வீட்டு நிலையும் அக்காலத்தில் இதற்கு மாறானதன்று. சம்பாப் பயிர் வயலில் நிற்கும். அது வீடு வந்து சேரத் தை மாதம் ஆகும். சென்ற அறுவடையின் நெல்லோ குதிரின் அடிக்குப் போயிருக்கும். கையில் காசு குறைந்திருக்கும் இம்மாதங்களில்தான் காய்கறியின் விலை ஏறுகிறது. பாதைகள் சேறாகிச் சந்தையும் சரிவரக் கூடுவதில்லை.

இத்தகைய நாட்களில் மளிகைக் கடைக்காரரின் கணக்குப் புத்தகத்தை நாடுவது பல குடும்பங்களின் வழக்கம். இன்று கால் கிலோ பருப்பு, நாளை ஒரு பொட்டலம் மசாலாத்தூள், மறுநாள் நூறு மில்லி எண்ணெய் என்று கடன் சிறிது சிறிதாக ஏறும். சிறு பொட்டலமாக வாங்குவதில் விலையும் அதிகம். கடனுக்கு வாங்குகிறவர் எடையையோ தரத்தையோ கேட்பதும் இல்லை. மழை நின்று தறி ஓடத் தொடங்கியபின் வரும் முதற்கூலி அந்தப் புத்தகத்திற்கே போய்விடுகிறது. ஆகவே அடுக்களையில் என்ன இருக்கிறது, அதைக் கொண்டு என்ன சமைக்கலாம் என்னும் கேள்வி, இல்லத்தரசியரின் கைத்திறனைப் பற்றியது மாத்திரமன்று. குடும்பத்தின் கடனைப் பற்றியதுமாகும்.

கூட்டுறவின் பிறப்பே இதற்குச் சான்று. இங்கிலாந்தில் ராக்டேல் என்னும் நகரில் 28 தொழிலாளர், அவர்களிற் பலர் நெசவாளர், ஒன்றுகூடி 1844-ஆம் ஆண்டு டிசம்பர் 21-ஆம் நாள் ஒரு சிறு கடையைத் திறந்தனர். அதில் முதன்முதல் வைத்து விற்றவை மாவு, ஓட்ஸ் மாவு, வெண்ணெய், சர்க்கரை, மெழுகுவர்த்தி ஆகியவையே. கலப்படமில்லாத சரக்கு, சரியான எடை, ரொக்க வியாபாரம் என்பன அவர்கள் கொண்ட கொள்கைகள். நம் நாட்டில் 1904-இல் தோன்றிய திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கமும் வீட்டிற்கு வேண்டிய பண்டங்களை வழங்கும் பண்டகசாலையாகவே புகழ் பெற்றது. அடுக்களைப் பண்டம் ஒழுங்காக இருந்தால் குடும்பம் கடனிலிருந்து பாதி தப்பிற்று என்பதை அம்முன்னோர் நன்கறிந்திருந்தனர்.

வீட்டில் இருக்கவேண்டியவை

இருப்பதைக் கொண்டு சமைக்கவேண்டுமாயின், முதலில் சில பண்டங்கள் எப்போதும் இருத்தல் வேண்டும். அப்பட்டியல் நீளமானதன்று. அரிசி, கேழ்வரகு அல்லது கம்பு, துவரை, பாசி, கொள்ளு ஆகிய மூன்றனுள் இரண்டேனும், புளி, உப்பு, மிளகாய் வற்றல், மிளகு, எண்ணெய், அஞ்சறைப் பெட்டியில் கடுகு, சீரகம், வெந்தயம், உளுத்தம்பருப்பு, மஞ்சள், இவற்றுடன் பெருங்காயம், பூண்டு, சின்ன வெங்காயம். கோடையில் உலர்த்திய சுண்டைக்காய், மணத்தக்காளி, மாங்காய் வற்றல்களில் ஏதேனும் ஒன்று ஜாடியில் இருப்பின் மிகவும் நன்று. கொல்லையில் ஒரு முருங்கையும் ஒரு கறிவேப்பிலைச் செடியும் நின்றால் காய்கறிக் கடையைப் பற்றிய கவலை பாதி தீரும்.

தமிழ்நாட்டின் நியாயவிலைக் கடைகளிற் பெரும்பாலானவற்றைக் கூட்டுறவுச் சங்கங்களே நடத்திவருகின்றன. 2011 ஜூன் முதல் அங்கே அரிசி அட்டைகளுக்கு அரிசி விலையின்றி வழங்கப்படுகிறது; 2007 முதல் சிறப்புத் திட்டத்தின் கீழ்த் துவரம்பருப்பும் பாமாயிலும் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. இவற்றை மாதந்தோறும் தவறாமல் வாங்கிவைக்கும் வீட்டில், மேற்கண்ட பட்டியலில் பெரும்பகுதி ஏற்கனவே இருக்கும்.

பாவும் ஊடையும்

தானியமும் பருப்பும் பாவும் ஊடையும் போன்றவை. ஒன்றை விட்டு மற்றொன்றால் துணி ஆகாது. அரிசியின் புரதத்தில் லைசின் என்னும் சத்து குறைவு. பருப்பில் அது நிறைய உண்டு. ஆனால் பருப்பில் மெத்தியோனின் என்னும் சத்து குறைவு, அரிசி அதை ஈடு செய்கிறது. இரண்டையும் சேர்த்து உண்ணும்போது உடலுக்கு வேண்டிய புரதம் நிறைவாக அமைகிறது. பருப்பை நிறுத்திவிட்டுச் சோற்றையும் ஊறுகாயையும் கொண்டு நாளைக் கழிப்பது சிக்கனமாகத் தோன்றலாம். அது உண்மையான சிக்கனம் அன்று. வளரும் குழந்தைகளே அதனால் முதலில் நலிவடைகின்றனர்.

இவ்விரண்டோடு ஒரு புளிப்பு, ஒரு காரம், ஒரு தாளிப்பு ஆகியவை சேர்ந்தால் உணவு முடிந்தது. இவற்றுள் ஒன்று இல்லாவிடில் அதன் வேலையை மற்றொன்று செய்யும் என்பதை அறிந்துகொள்வதே இச்சமையலின் சூட்சுமம். புளி இல்லையேல் மோர், தக்காளி, எலுமிச்சை, மாங்காய் வற்றல் உண்டு. மிளகாய் இல்லையேல் மிளகு உண்டு. மிளகாய், போர்த்துக்கீசியர் வருகைக்குப் பிறகு அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த பயிர். அதற்கு முன் நம் முன்னோர் மிளகைக் கொண்டே காரம் கண்டனர். குழம்பைக் கெட்டியாக்கத் தேங்காய் இல்லையேல் பொட்டுக்கடலையை அரைத்து விடலாம். அதுவும் இல்லையேல் ஒரு கரண்டி அரிசி மாவைக் கரைத்து விடலாம்.

நான்கு எடுத்துக்காட்டுகள்

முதலாவது, கொங்கு நாட்டு இல்லங்களில் வழங்கும் அரிசி பருப்புச் சாதம். இரண்டு டம்ளர் அரிசிக்கு அரை டம்ளர் துவரம்பருப்பு எடுத்துக் கழுவி அரைமணி நேரம் ஊறவைக்க வேண்டும். பாத்திரத்தில் எண்ணெய் காய்ந்ததும் கடுகு, சீரகம் தாளித்து, வெங்காயம், பூண்டு, இரண்டு மிளகாய் வற்றல், கறிவேப்பிலை சேர்த்து வதக்கி, மஞ்சள்தூளும் உப்பும் இட்டு, அரிசி பருப்பைப் போல மும்மடங்கு நீர் விட்டுக் கொதித்ததும் இரண்டையும் இட்டு வேகவைக்க வேண்டும். புழுங்கலரிசிக்கு நீர் சற்றுக் கூடுதலாக வேண்டும். தக்காளி இருந்தால் சேர்க்கலாம், இல்லாவிடினும் குறையில்லை. சோறு, குழம்பு, கறி என்று மூன்று அடுப்பு எரிய வேண்டிய இடத்தில் ஒன்றே போதும். துவரை இல்லாத நாளில் பாசிப்பருப்பைச் சேர்த்து, மிளகும் சீரகமும் தாளித்தால் அதுவே வெண்பொங்கல் ஆகிவிடும்.

இரண்டாவது, கொள்ளு. ஒரே வேகவைப்பில் இரண்டு பண்டங்கள் தருவது இதன் சிறப்பு. ஒரு டம்ளர் கொள்ளை வாசனை வர வறுத்து, இரவு ஊறவைத்து, காலையில் நிறைய நீர் விட்டு நன்றாக வேகவைக்க வேண்டும். வடித்த நீரில் புளி கரைத்து, மிளகும் சீரகமும் பூண்டும் தட்டிப் போட்டு, நுரை கட்டியதும் இறக்கித் தாளித்தால் ரசம். வெந்த கொள்ளை, எண்ணெயில் வறுத்த மிளகாய், சிறிது புளி, பூண்டு, உப்புச் சேர்த்து அரைத்தால் துவையல். மழைக்குளிரில் இவ்விரண்டுக்கும் ஈடான உணவு அரிது.

மூன்றாவது, வற்றல் குழம்பு. எலுமிச்சை அளவு புளியை மூன்று டம்ளர் நீரில் கரைத்து வைத்துக்கொள்க. நல்லெண்ணெயில் கடுகு, சில வெந்தயம், ஒரு கரண்டித் துவரம்பருப்பு, மிளகாய், பெருங்காயம் தாளித்து, சுண்டைக்காய் வற்றலையும் போட்டுப் பொரியவிட வேண்டும். வெந்தயம் கருகினால் குழம்பு கசக்கும். ஆதலின் கவனம் வேண்டும். பிறகு குழம்புப் பொடி இரண்டு கரண்டியும் புளிக்கரைசலும் விட்டுச் சுண்டக் கொதிக்கவைத்து, எண்ணெய் பிரிந்து வரும்போது இறக்கலாம். வற்றலில் உப்பு இருப்பதால் உப்பைக் குறைத்தே இடுக. வற்றல் இல்லையெனில் பூண்டும் சின்ன வெங்காயமும், அதுவும் இல்லையெனில் பொரித்த அப்பளத் துண்டுகளும் அவ்விடத்தை நிரப்பும். இக்குழம்பு மறுநாளும் கெடாது. ஆயினும் இதனுடன் ஒரு பருப்புத் துவையலேனும் இருத்தல் வேண்டும் என்பதை மறத்தலாகாது.

நான்காவது, அரிசி உப்புமா. இரண்டு டம்ளர் அரிசியுடன் இரண்டு கரண்டித் துவரம்பருப்பு, சிறிது மிளகு, சீரகம் சேர்த்து ரவையாக உடைத்து வைத்துக்கொண்டால் பல நாட்களுக்கு உதவும். நெல் குத்திய வீட்டில் நொய்யே போதும். கடுகு, உளுத்தம்பருப்பு, மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, ரவையைப் போல இரண்டரை மடங்கு நீர் கொதித்ததும் உப்பிட்டு, ரவையைத் தூவிக் கிளறி மூடித் தணலில் வைக்க வேண்டும். கொதிநீரில் புளி கரைத்திருந்தால் புளி உப்புமா. ஒரு பிடி முருங்கைக்கீரை போட்டால் கீரை உப்புமா. பண்டம் ஒன்றே, உண்பவர்க்கு மூன்று நாளும் மூன்று சுவை.

கேழ்வரகையும் மறக்கலாகாது. நூறு கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. அரிசியில் அது மிகக் குறைவு. வாரத்தில் இரு நாள் கேழ்வரகுக் கூழோ, கீரை கலந்த அடையோ குடும்பத்தில் இடம்பெறுதல் வேண்டும். வீட்டில் மீந்த சோற்றை நீரிலிட்டு வைத்து மறுநாள் காலை மோரும் சின்ன வெங்காயமும் கூட்டி உண்பதும் நம் ஊர்களில் நெடுநாளாக உள்ள நல்ல வழக்கமே.

பண்டம் காத்தல்

வாங்கி வைத்த பண்டம் மழை ஈரத்தில் கெடுமாயின் சிக்கனம் வீணாகும். புரட்டாசி வெயிலிலேயே பருப்பு, மிளகாய், வற்றல்களை நன்றாகக் காயவைத்து, சூடு ஆறியபின் காற்றுப் புகாத பாத்திரத்தில் அடைக்க வேண்டும். அரிசிப் பானையில் வேப்பிலையோ மிளகாய் வற்றலோ இட்டுவைத்தல் வண்டைக் குறைக்கும். உழவர் வீடுகளில் துவரைக்குச் செம்மண் கட்டிக் காயவைப்பதும், பருப்பில் சிறிது ஆமணக்கெண்ணெய் தடவி வைப்பதும் பழகிய முறைகள். புளியைக் கொட்டை நீக்கி உப்பிட்டு மண் ஜாடியில் அடைத்தால் ஆண்டு முழுதும் இருக்கும். ஈரக்கையை எந்த ஜாடியிலும் இடலாகாது.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லவேண்டும். பூசணம் பிடித்த நிலக்கடலையையோ தானியத்தையோ வறுத்து உண்ணலாம் என்று எண்ணக்கூடாது. அப்பூசணத்தில் ஈரலைக் கெடுக்கும் நஞ்சு தோன்றலாம். வறுப்பதால் அது முழுதும் அழிவதில்லை. அதை எறிந்துவிடுதலே சிக்கனம்.

கடைசிப் பந்தி

நெசவாளர் வீட்டில் பெண்கள் அடுப்பையும் பார்த்து, தாரும் சுற்றித் தருகின்றனர்; உழவர் வீட்டில் நாற்று நட்டுத் திரும்பி அடுப்பு மூட்டுகின்றனர். பண்டம் குறையும் நாட்களில் எல்லோரும் உண்டபின் மீந்ததைத் தாம் உண்பவரும் அவர்களே. குழம்பு தீர்ந்த பானையில் சோறு மட்டும் மீந்திருப்பதை அவர்கள் யாரிடமும் சொல்வதில்லை. பருப்பும் தானியமும் ஒன்றாக வெந்த ஒரே பாத்திர உணவில் கடைசியாக உண்பவர்க்கும் பருப்பு கிடைக்கிறது. இந்த ஒரு நன்மைக்காகவே அரிசி பருப்புச் சாதத்தை வாரத்தில் பன்முறை சமைக்கலாம். தறி நின்றிருக்கும் நாளில் ஆண்களும் அடுப்பருகே அமர்ந்து இவற்றைக் கற்றுக்கொள்வதில் இழுக்கொன்றும் இல்லை. பாவின் இழை எண்ணத் தெரிந்த கைக்கு அரிசி பருப்பின் அளவு அறிதல் அரிதாகுமோ?

சங்கங்கள் செய்யத்தக்கதும் ஒன்றுண்டு. ஆவணி, புரட்டாசியில் கூலியும் விளைச்சற் பணமும் கையில் இருக்கும்போதே, துவரையும் கொள்ளும் கேழ்வரகும் விளைவிக்கும் அங்கத்தினரிடமிருந்து வாங்கி, நெய்யும் அங்கத்தினர்க்கு மொத்தமாக வழங்க ஏற்பாடு செய்யலாம். விளைவிப்போர்க்கு நியாய விலை. நெய்வோர்க்கு நல்ல சரக்கு. இடையே கணக்குப் புத்தகத்திற்கு இடமில்லை.

அங்கத்தினர் ஒவ்வொருவரும் அடுத்த மழைக்கு முன்னர்த் தம் அடுக்குப் பானைகளை ஒருமுறை இறக்கிப் பார்த்து, இருப்பது இது, குறைவது இது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்வாராக. குறைவதை ரொக்கத்திற்கு வாங்கி நிரப்பிவிட்டால், மழைநாளில் தறி நின்றாலும் அடுப்பு நிற்காது.