மேலாடையும் மேன்மையும்: பினாங்குத் தமிழ் ஆடவர் உடையில் அடுக்குகளின் பொருள்

முன்னுரை

குளிர்நாடுகளில் ஒன்றன்மேல் ஒன்றாக ஆடை அணிவதற்குக் காரணம் கூறவேண்டியதில்லை. இக்கட்டுரையாளர் முனைவர் பட்ட ஆய்வுக்காக இங்கிலாந்தில் தங்கியிருந்த காலத்தில் பனியன், சட்டை, கம்பளிச்சட்டை, கோட்டு, கழுத்துத்துணி என ஐந்து அடுக்கு அணிந்தும் நடுங்கியதுண்டு. பினாங்கின் நிலை வேறு. ஆண்டு முழுவதும் பகல் வெப்பம் 30 பாகையை எட்டும் இத்தீவில், வேட்டிக்கு மேல் சட்டை, சட்டைக்கு மேல் கோட்டு, கோட்டின் தோளில் துண்டு, தலையில் பாகை, கையில் குடை என்று நம் முன்னோர் பழைய நிழற்படங்களில் நிற்கின்றனர். வியர்வையைப் பொருட்படுத்தாது இவ்வடுக்குகளை அவர்கள் ஏன் சுமந்தனர் என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

நம் மாணவர் எழுதும் ஆய்வேடுகளில் உடை என்றால் சேலை என்றே பொருள்படுகிறது. ஆடவர் உடை 'வேட்டி, சட்டை' என்னும் இரு சொற்களில் முடிந்துவிடுகிறது. அலங்காரம் ஆடவர்க்கு உரியதன்று என்னும் எண்ணமே இதற்குக் காரணமாகலாம். ஆனால், ஆடவர் உடையில்தான் சாதியும் பதவியும் கடன் வாங்கும் தகுதியும் எழுதப்பட்டிருந்தன.

சட்டை என்னும் சொல்

பண்டைத் தமிழர் தைத்த ஆடையை அறியாதவர் அல்லர். பாசறையில் காவல்புரியும் யவனரை முல்லைப்பாட்டு 'மெய்ப்பை' அணிந்தவராகக் காட்டுகிறது. மெய்யை உள்ளே இட்ட பை என்பது எவ்வளவு பொருத்தமான பெயர்! சிலப்பதிகாரத்தில் 'கஞ்சுகம்' அணிந்தோர் அரச தூதராக வருகின்றனர். இரண்டிடத்தும் தைத்த ஆடை அயலார்க்கோ ஏவல் மேற்கொண்டோர்க்கோ உரியதாக நிற்பது நோக்கத்தக்கது. உயர்ந்தோர் உடை தைக்கப்படாத ஆடையே. பிற்காலத்தில் இம்முறைமை தலைகீழானது.

அவ்வாறு மாறிய வரலாற்றைச் சொற்களே கூறும். பொத்தானும் (கைக்குட்டையைக் குறிக்கும்) லேஞ்சியும் போர்த்துக்கீசியர் தந்தவை. இலங்கைத் தமிழர் கூறும் சப்பாத்தும் மலாய்க்காரர் கூறும் செப்பாத்துவும் ஒரே போர்த்துக்கீசியச் சொல்லின் இரு வடிவங்கள். குல்லாவும் உருமாலும் பாரசீகம் வழி வந்தவை. மலேசியத் தமிழர் பேச்சில் காற்சட்டையைக் குறிக்கும் 'சிலுவார்' மலாய்ச் சொல். அதுவும் பாரசீகத்தின் பிள்ளையே. நம் தமிழாசிரியர்கள் கட்டுரை ஏடுகளில் 'சிலுவார்' என்பதைச் சிவப்பு மையால் அடித்துவிடுகின்றனர். எழுத்து வழக்கிற்கு அது ஏலாது என்பது சரியே. எனினும், அடிப்பதற்கு முன் அச்சொல் வந்த வழியை ஒரு நிமிடம் வகுப்பில் கூறினால் வரலாற்றுப் பாடம் ஒன்று கிடைத்துவிடும். பாம்பு உரிக்கும் தோலையும் 'சட்டை' என்கிறோம். பாயான் லெப்பாசில் உள்ள பாம்புக் கோவிலுக்கு மாணவரை அழைத்துச் செல்வோர் இச்சொல்லை அங்கேயே விளக்கலாம்.

கைலியின் பிறப்பிடம்

1786இல் பிரான்சிஸ் லைட் பினாங்கில் இறங்கியதைத் தொடர்ந்து குடியேறியோருள் சோழமண்டலக் கரைத் தமிழ் முஸ்லிம் வணிகர் முக்கியமானோர். சூலியாத் தெருவின் பெயரும், 1801இல் தோன்றிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும் அவர்தம் பழமைக்குச் சான்று. அவர்களுடைய உடையின் அடித்தளம் கைலி. அதனை மலாய் உடை என்றே நம்முட் பலர் எண்ணுகின்றனர். ஆனால், கட்டம்போட்ட இத்துணியை மலாய்க்காரர் 'காயின் பெலிக்காட்' என்கின்றனர். பெலிக்காட் என்பது சென்னைக்கு வடக்கே உள்ள பழவேற்காடு. 17ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்தர் அவ்வூரில் கோட்டை கட்டியமர்ந்து, சோழமண்டலத் துணிகளைத் தென்கிழக்காசியத் தீவுகளுக்கு அனுப்பி, மாற்றாக நறுமணப் பொருள்களைப் பெற்றனர். துணி இங்கே தங்கிவிட்டது. ஊரின் பெயரும் அதனோடு தங்கிவிட்டது. நெய்தவனுடைய மொழியில் மட்டும் அப்பெயர் பரவலாக வழங்கவில்லை.

கைலிக்கு மேல் ஜிப்பா, இடையில் பணப்பை வைத்த அகன்ற வார் (பெரும்பாலும் பச்சை நிறம்), தலையில் சொங்கோக் என்பது வணிகர் கோலம். சொங்கோக்கைத் தைப்பதும் பினாங்குத் தமிழ் முஸ்லிம்களின் கைத்தொழில்களுள் ஒன்றாக இருந்தது. நாகூர் தர்காவின் ஓரத்துச் சிறு கடையில் அத்தொழிலைப் பலர் கண்டிருப்பர். வெளியே பூம்பட்டு, உள்ளே வழவழப்பான துணி, இடையில் விறைப்புக்குத் தாள் அடுக்குகள். தலையின் சுற்றளவோடு உயரமும் முக்கியம். அரை அங்குலம் மிகுந்தாலும் முகத்தின் அமைப்பு மாறிவிடும். கோட்டு தைப்போர் மார்புப் பகுதியில் துணிக்கும் உள்துணிக்கும் இடையே கித்தான் வைத்துத் தைப்பதும் இதே நுட்பந்தான். நல்ல தையலின் சிறப்பு வெளியே தெரியாத நடு அடுக்கில் உள்ளது. ஊர் திரும்பும்போது இக்கோலத்தோடு சென்றவரைக் கடலோர ஊர்களில் 'சபுராளி' என்றனர். பயணம் என்னும் பொருளுடைய அரபுச் சொல்லிலிருந்து வந்த அப்பெயர், காலப்போக்கில் ஒரு தோற்றத்தின் பெயராகவே ஆயிற்று.

ஒரே மாவட்டத்தின் இரு வெற்று மார்புகள்

பினாங்கில் வட்டித்தொழில் நடத்திய நாட்டுக்கோட்டை நகரத்தார் மேற்கூறியவற்றிற்கு நேர்மாறானவர். தூய வெள்ளை வேட்டி, தோளில் அல்லது இடையில் ஒரு துண்டு, நெற்றியிலும் மார்பிலும் திருநீறு, சட்டை இல்லை. கிட்டங்கியின் தரையில் சிறு மேசையின் முன் அமர்ந்து பெருந்தொகைகளைக் கைமாற்றியவர்கள் அவர்கள். 1857இல் எழுந்த தண்ணீர்மலைக் கோவிலும் 1894இல் வந்த வெள்ளி இரதமும் அவர்தம் செல்வத்தைக் காட்டின. அவர்கள் உடல் காட்டவில்லை. பிறர் பணத்தைக் காக்கும் ஒருவன் தன் பணத்தை உடம்பில் சுமந்து திரியலாகாது என்னும் கணக்கு அதில் இருந்ததாகக் கொள்ளலாம். எளிமையே அவர்களின் முதலீட்டுப் பத்திரம்.

இங்கே ஒரு செய்தியை நினைவிற்கொள்ள வேண்டும். நகரத்தாரின் செட்டிநாடு அக்காலத்தில் இராமநாதபுர மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அதே மாவட்டத்தில் 1930 டிசம்பரில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்மீது எட்டுத் தடைகளை விதித்தனர். 1931ஆம் ஆண்டு இந்தியக் குடிமதிப்பின் ஆணையராக இருந்த ஜே. எச். ஹட்டன் தம் நூலில் அவற்றைப் பதிவு செய்துள்ளார். ஆடவர் இடுப்புக்கு மேலும் முழங்காலுக்குக் கீழும் துணி அணியலாகாது, கோட்டு, சட்டை, பனியன் எவையும் கூடா, தலைமயிரைக் கத்தரித்துக்கொள்ளலாகாது, வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடிக்கலாகாது, செருப்பு அணியலாகாது. மகளிர்க்கும் இவைபோன்ற தடைகள் இருந்தன. மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன. தானியமும் கால்நடையும் சூறையாடப்பட்டன.

இப்பட்டியலை மீண்டும் ஒருமுறை படித்தால் வியப்புத் தோன்றும். கோட்டு, சட்டை, குடை, செருப்பு, கத்தரித்த முடி. இன்று ஆடவர் நாகரிகம் பற்றி எழுதுவோர் தரும் பட்டியலும் ஏறத்தாழ இதுவே. நகரத்தாரின் வெற்று மார்பு விரும்பி ஏற்றது. ஆதிதிராவிடரின் வெற்று மார்பு விதிக்கப்பட்டது. பார்வைக்கு இரண்டும் ஒன்றே. ஆதலால் ஒருவர் எதை அணிந்தார் என்பதை மட்டும் கேட்டு உடைவரலாறு எழுதுவது போதாது. எதை அணியாதிருக்க அவருக்கு உரிமை இருந்தது என்பதையும் கேட்க வேண்டும்.

1921 செப்டம்பர் 22இல் காந்தியடிகள் மதுரையில் தம் மேலாடையைத் துறந்ததை நாம் பாடநூல்களில் போற்றுகிறோம். போற்றத்தக்கதே. ஆனால், துறப்பதற்கு முதலில் உடைமை வேண்டும். அம்பேத்கர் கோட்டும் கழுத்துப்பட்டையும் அணிந்தே பொதுவாழ்வில் நின்றதன் பொருள் இராமநாதபுரத்துத் தடைகளைப் படித்த பின்னரே இக்கட்டுரையாளருக்கு முழுமையாக விளங்கிற்று.

நிழற்படக் கோட்டு

தென்னிந்தியாவிலிருந்து பினாங்கு வந்த தொழிலாளர் பலர் முதலில் மிதித்த மண் நகரமன்று. பாயான் லெப்பாஸ் கரைக்கு அருகே உள்ள ஜெரஜாக் தீவின் தொற்றுநோய்த் தடுப்பு முகாம். மருத்துவச் சோதனைக்குப் பின்னரே அவர்கள் தோட்டங்களுக்கு அனுப்பப்பட்டனர். தோட்டத்தில் உடையின் படிநிலை கண்கூடு. தொழிலாளிக்கு இடுப்புத்துணியும் தலைத்துண்டும். கங்காணிக்கு வேட்டியின்மேல் கோட்டு, தலைப்பாகை, கைத்தடி, குடை. கிராணிக்குக் கழுத்துவரை பொத்தானிட்ட வெள்ளைக் கோட்டும் காற்சட்டையும். துரைக்குத் தக்கைத் தொப்பி. கங்காணியின் கோட்டு வேட்டியோடு பொருந்தாது என்று இன்று நகைப்போர் உண்டு. அது பொருந்த வேண்டிய தேவையே இல்லை. மேற்பாதி துரைத்தனத்தாரையும் கீழ்ப்பாதி ஊராரையும் நோக்கிப் பேசியது.

இக்கட்டுரையாளரின் பாட்டனார் தோட்டத் தொழிலாளி. அவருடைய ஒரே நிழற்படம் பினாங்கு நகரக் கடை ஒன்றில் எடுக்கப்பட்டது. கறுப்புக் கோட்டு அணிந்து, கைக்கடிகாரம் தெரியுமாறு முழங்கை மடித்து நிற்கிறார். கோட்டின் கை நீளமாக இருந்து விரல்களைப் பாதி மூடியிருக்கிறது. அக்கோட்டு அவருடையதன்று. வாடிக்கையாளர்க்கென்று நிழற்படக் கடைகளில் தொங்கிய கோட்டு அது. கடிகாரமும் அப்படியே இருக்கலாம். ஒரு படி ஊருக்கு அனுப்பப்பட்டதாம். அத்தெருவில் அவர் அக்கோட்டோடு நேரில் நடந்திருக்க இயலாது, படம் நடந்தது.

1929ஆம் ஆண்டு இறுதியில் பெரியார் பினாங்கில் வந்திறங்கியபோது அவரை வரவேற்றவர்களுக்கு இத்தகைய படங்களின் பொருள் தெரிந்தே இருந்திருக்கும். சுயமரியாதை என்னும் சொல் தோளில் துண்டு அணியும் உரிமையையும் உள்ளடக்கியது. எனினும், கடல் கடந்ததால் மட்டும் இழிவு நீங்கிவிடவில்லை. 1941இல் ஆர். எச். நாதன் முதலியோர் முன்னின்ற கிள்ளான் வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளுள் கூலி உயர்வோடு மற்றொன்றும் இருந்தது: துரை எதிர்ப்பட்டால் தொழிலாளி மிதிவண்டியிலிருந்து இறங்க வேண்டும் என்னும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பது. அடுத்துவந்த போர்க்காலத்தில் இந்திய தேசிய இராணுவம் தோட்ட இளைஞர் பலருக்குச் சீருடை தந்தது. சாதியும் தோட்டமும் தெரியாத ஒரே துணியை அவர்களுட் பலர் அணிந்தது அதுவே முதன்முறையாகலாம்.

உலகின் பிற இடங்களிலும் இதன் ஒப்புமை உண்டு. 1943இல் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் நீண்ட கோட்டும் அகன்ற காற்சட்டையும் அணிந்த மெக்சிக்க வம்சாவளி இளைஞரைக் கடற்படையினர் தெருவில் பிடித்து அடித்து உடையை உரித்தனர். துணி மிகுதியாகச் செலவிடப்பட்டது என்பது சொல்லப்பட்ட காரணம். அண்மையில், 2014இல், சென்னையில் வேட்டி அணிந்து வந்த உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர்க்கு மன்றம் ஒன்றில் நுழைவு மறுக்கப்பட்டது. தமிழக அரசு அதே ஆண்டில் அத்தகைய தடையை நீக்கச் சட்டம் இயற்றியது. சட்டை அணியலாகாது என்று ஒரு காலம். வேட்டி அணியலாகாது என்று மற்றொரு காலம். வாயிற்காப்போன் மட்டும் மாறவில்லை.

பாயான் லெப்பாசில் இன்று

1972இல் பாயான் லெப்பாசில் தடையற்ற வணிக வட்டாரம் அமைந்தது. மின்னணுத் தொழிற்சாலைகளின் தூய்மை அறையில் நுழைவோர் தம் உடையின்மேல் தலைமுதல் பாதம்வரை மூடும் வெள்ளாடை அணிகின்றனர். இங்கே அடுக்கின் நோக்கம் முற்றிலும் வேறு. உடையைப் பிறரிடமிருந்து காப்பதன்று, உடலின் தூசியிலிருந்து சில்லைக் காப்பது. பொறியாளரும் இயந்திரம் இயக்குவோரும் உள்ளே ஒரே தோற்றத்தினர். ஆயினும் மனிதர் வேறுபாட்டுக்கு ஒரு வழி கண்டுபிடித்துவிடுகின்றனர். வேலைமுறை மாறும் நேரத்தில் வாயிலில் நின்று நோக்கினால், கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையும் காலணியும் கைக்கடிகாரமுமே பேசுகின்றன. அட்டையைச் சட்டைப்பையில் செருகிக்கொள்வோரும் உண்டு, வெளியே தெரியவிட்டு உணவுக்கடைக்குச் செல்வோரும் உண்டு.

வார இறுதியில் இவ்விளைஞரே திருமண மண்டபங்களில் பட்டுக்கரை வேட்டியோடு காணப்படுகின்றனர். இடுப்பில் முடிச்சில்லை, ஒட்டுநாடா தைத்த ஆயத்த வேட்டி, அதில் கைப்பேசிக்கு ஒரு பை. மரபு கெட்டது என்று வருந்தும் பெரியோரிடம் இக்கட்டுரையாளருக்கு உடன்பாடு இல்லை. பழவேற்காட்டுத் துணி முதல் பணப்பை வைத்த இடைவார் வரை எல்லாமே ஒரு காலத்துப் புதுமைகள்தாம். அண்மையில் உறவினர் திருமணம் ஒன்றில் மணமகனின் கோட்டு அளவெடுத்துத் தைக்கப்பட்டிருந்தது. கை மணிக்கட்டில் சரியாக நின்று, உள்ளிருந்த சட்டையின் விளிம்பு அரை அங்குலம் வெளியே தெரிந்தது.