சாரற்கால நடை

தென்காசிக்கும் திருக்குற்றாலத்திற்கும் இடையே ஏறத்தாழ 5 கிலோமீட்டர் தொலைவு உண்டு. ஆனித் திங்களில் சாரல் தொடங்கிவிட்டால் அவ்வழியே விரையும் ஊர்திகளுக்குக் கணக்கில்லை. அருவியில் தலையை நனைத்து, வந்த விரைவிலேயே மீள்வோர் பலர். அன்னார் நீராடினர் என்னலாம். குற்றாலத்தைக் கண்டனர் என்னல் ஆகாது.

மேற்குத் தொடர்ச்சி மலை நெடுமதில் போல நின்று தென்மேற்குப் பருவக்காற்றைத் தடுக்கின்றது. ஆயினும், செங்கோட்டைக்கு மேற்கே ஆரியங்காவுக் கணவாய் அம்மதிலில் அமைந்த வாயிலாகும். கேரளத்தில் மழை பொழிந்து எஞ்சிய மேகங்கள் காற்றோடு அவ்வழியே புகுந்து, பூந்துவலையாய்த் தூவுகின்றன. இதுவே சாரல். இதற்குக் குடை பிடிப்பவர் இதன் சுவை அறியாதவரே!

வைகறையில் தென்காசிக் கோயிலின் கோபுர வாயிலில் நின்றால், மேல்காற்று ஆளையே தள்ளும். அங்கிருந்து மலையை நோக்கி நடப்போர்க்கு இருமருங்கும் காட்சி விரிகின்றது. கார் நடவுக்கு நீர் நிறைந்த வயல்கள்; வரப்பின்மேல் ஒற்றைக்காலில் நிற்கும் கொக்குகள்; காற்றில் ஒருபுறமாய்ச் சாயும் தென்னைகள். எதிரே திரிகூட மலை. ஒரு கணம் முகில் அதனை முற்றும் மறைக்கும். மறுகணம் முகடு மட்டும் தோன்றும். சிறிது நடந்து மீண்டும் நோக்கினால் வேறொரு மலையோ என ஐயுறத் தோன்றும்.

இக்காட்சிகளைக் காண மனத்தை வலிந்து செலுத்த வேண்டுவதில்லை. கணக்கிலும் ஏட்டிலும் ஊன்றிய கவனம் நெடுநேரத்தில் களைப்புறுகின்றது. இயற்கையோ கண்ணை மெல்ல ஈர்த்து, அக்கவனத்திற்கு ஓய்வளிக்கின்றது. ரேச்சல் காப்ளான், ஸ்டீவன் காப்ளான் என்னும் அமெரிக்க உளவியலார் 1989-இல் வெளியிட்ட நூலில் இக்கருத்தை விளக்கினர். அந்நாட்டின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தார் 2015-இல் வெளியிட்ட ஆய்வொன்றும் ஈண்டுக் கருதத்தக்கது. இயற்கைச் சூழலில் 90 நிமிடம் நடந்தோர்க்கு, தம்மைப் பற்றிய கவலையையே மீண்டும் மீண்டும் எண்ணி உழலும் இயல்பு குறைந்தது. ஊர்திகள் நெருங்கிய சாலையில் நடந்தோர்க்கு அவ்வாறு குறையவில்லை.

தேர்வில் தோற்ற மாணவன் ஒருவன் இவ்வழியே நடக்கின்றான் என்க. நடந்ததனால் அவன் பெற்ற மதிப்பெண் மாறிவிடாது. ஆயினும், 'இனி என்ன ஆவேன்?' என்று இரவெல்லாம் சுழன்ற எண்ணம் சற்றே தளரும். அவ்விடைவெளியில், 'இனி என்ன செய்யலாம்?' என்னும் வினா எழ இடம் உண்டாகும். கைப்பேசியை ஓயாது நோக்கி நடப்பானாயின் இப்பயன் கிட்டுதல் அரிது. ஊர்திகள் பெருகுமுன், காலையிலேயே துணையோடு புறப்படுதல் நன்று.

ஊரை அணுகுங்கால் பேரருவியின் முழக்கம் கேட்கும். ஏறத்தாழ 60 மீட்டர் உயரத்தினின்று இழியும் நீர், இடையே பொங்குமாகடல் என்னும் பள்ளத்தில் வீழ்ந்து, வேகம் தணிந்து இறங்குகின்றது. அதனாலன்றோ மக்கள் அதன்கீழ் நிற்க இயலுகின்றது! வெள்ளம் மிகுந்த நாளில் நீராடத் தடை விதிப்பர். அன்று, நீராடவே வந்தோர் முகம் வாடி மீள்வர். நடந்து வந்தோர் தொலைவில் நின்று அருவியின் ஓசையைக் கேட்டிருந்து, சித்திர சபையின் சுவரோவியங்களைக் காணப் புறப்படுவர்.