அயர்ன் மெய்டன் தொகுப்பு: வாங்கலாமா?

தாராவி, மாட்டுங்கா, செம்பூர் என்று எங்கு வளர்ந்தாலும் நம் பிள்ளைகளில் சிலர் 'மெட்டல்' இசையில் மனத்தைப் பறிகொடுக்கிறார்கள். "இது பாட்டா, இரைச்சலா?" என்று பெரியவர்கள் முகம் சுளிப்பதும் வீட்டுக்கு வீடு நடப்பதே. ரயில்வே பணிமனையில் சம்மட்டிச் சத்தத்தோடு காலம் கழித்த நான் சத்தத்துக்கு அஞ்சுபவன் அல்லன். என் பேரன் இந்தத் தொகுப்பைக் கேட்டபோது, காசு கொடுக்குமுன் முழுவதும் கேட்டுப் பார்த்தேன்.

அயர்ன் மெய்டன் 1975இல் லண்டனில் தொடங்கிய குழு. 2008 பிப்ரவரி 1 அன்று அவர்கள் தம் உலகச் சுற்றுப்பயணத்தைத் தொடங்கியது, தாராவிக்குப் பக்கத்தில் மித்தி ஆற்றுக்கு அப்பால் உள்ள பாந்த்ரா-குர்லா வளாகத்தில்தான். அந்தப் பயணத்துக்கான போயிங் 757 விமானத்தை ஓட்டிய விமானிகளுள் ஒருவர், குழுவின் பாடகர் புரூஸ் டிக்கின்சன்!

அதே ஆண்டு மே மாதம் வெளிவந்தது 'சம்வேர் பேக் இன் டைம்' என்ற தொகுப்பு. 1980 முதல் 1988 வரை வந்த ஏழு ஆல்பங்களிலிருந்து எடுத்தவை. எண்ணிக்கை 15, முதலாவது சர்ச்சிலின் போர்க்கால உரைத் துணுக்கு என்பதால் பாடல்கள் 14.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. முதல் இரண்டு ஆல்பங்களில் பாடியவர் பால் டிஅன்னோ. டிக்கின்சன் சேர்ந்தது 1981இல். தொகுப்பில் பழைய பாடல்கள் மூன்றும் 1985இல் வந்த மேடைப் பதிவிலிருந்து, டிக்கின்சன் குரலில் இடம்பெறுகின்றன. டிஅன்னோவின் குரல் வேண்டுவோர் இதை வாங்கிப் பயனில்லை.

இன்னொன்று. ஆல்பம் என்பது ஒழுங்காகக் கோத்த முழு ரேக். தொகுப்போ பல ரேக்குகளிலிருந்து கழற்றிய பெட்டிகளை ஒன்றாக இணைத்தது. வண்டி ஓடும், ஆனால் சில நல்ல பெட்டிகள் யார்டிலேயே நின்றுவிடும். கோல்ரிட்ஜ் கவிதையைத் தழுவிய 13 நிமிடப் பாடல் இதில் இல்லை. 1990க்குப் பிந்தைய பாடல்களுக்கு 2011இல் தனியாக இரட்டைக் குறுந்தகடு வந்தது.

பெற்றோரின் அச்சத்துக்கும் ஒரு வார்த்தை. 'தி டிரூப்பர்' 1854 பாலக்லாவா போரில் குதிரைப்படை மடிந்த கதை. 'ரன் டு த ஹில்ஸ்' அமெரிக்கப் பழங்குடியினர் மண்ணை இழந்ததைச் சொல்வது. 'ஹாலோட் பி தை நேம்' தூக்குமேடைக் கைதியின் கடைசி நேரம். பயமுறுத்தும் பெயர் கொண்ட 'தி நம்பர் ஆஃப் தி பீஸ்ட்' ஒரு கெட்ட கனவிலிருந்து பிறந்தது. பிசாசு வழிபாடு எதுவும் இல்லை.

என் முடிவு இது: புதிதாகக் கேட்கத் தொடங்கும் பிள்ளைக்குத் தாராளமாக வாங்கிக் கொடுக்கலாம். பழைய ஆல்பங்கள் வீட்டில் இருந்தால் வேண்டாம். இரண்டு ஆல்பத்துக்குப் பணம் இருந்தால் 1982, 1984 வெளியீடுகளை முழுதாக வாங்குவது மேல். எதை வாங்கினாலும் ஒருமுறை பிள்ளையோடு உட்கார்ந்து, பாட்டின் கதையைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பேச்சுக்கு ஒரு வழி திறக்கும்.